பி.எஸ்சி. ஹானர்ஸ் (மரம் எண்ணுதல்)

கடலூர் மாவட்டத்தில் புயலடித்து ஒரு பலா மரம் சாய்ந்தால் போதும், அதை எண்ண வருகிறவர்களுக்குப் பஞ்சமே இருக்காது. கிராம நிர்வாக அலுவலர் எண்ணுவார். தோட்டக்கலைத் துறைக்காரர் எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மறுபடி எண்ணுவார். பிறகு டெல்லியிலிருந்து மத்தியக் குழு வரும். அவர்கள் எண்ணமாட்டார்கள், காரை விட்டு இறங்கி, எண்ணியவர்கள் மாட்டி வைத்திருக்கும் புகைப்படங்களைப் பார்ப்பார்கள். மரத்துக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை அதே மரத்தின் பக்கத்தில் நின்று, விரலை நீட்டிப் படம் பிடிக்கக் கொடுப்பார். அதற்குள் மரம் விறகாகிவிடும். அந்தக் குழியில் அடுத்த கன்றை நட யார் வருவது என்று கேட்டால், அப்போது மட்டும் கூட்டம் கலைந்துவிடும்.

தோட்டக்கலைக்கென்று நான்காண்டுப் பட்டப்படிப்பை நடத்துவதே இந்த எண்ணும் படைக்கு ஆள் சேர்க்கத்தான் என்று நான் முடிவுக்கு வந்து நாளாகிறது. அவசரப்பட்டு மறுக்காதீர்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் கண்முன் நடப்பதைச் சொல்கிறேன், பிறகு பேசுவோம்.

தோட்டக்கலை படிக்க நல்ல ஊர் வேண்டும் என்று ஒருவன் வரம் கேட்டிருந்தால் நடராசர் அவனைத் தன் வாசலிலேயே இறக்கிவிட்டிருப்பார். பண்ருட்டிச் செம்மண்ணில் பலாவும் முந்திரியும். விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வி.ஆர்.ஐ. முந்திரி ரகங்கள் தமிழ்நாட்டைத் தாண்டியும் போயிருக்கின்றன. பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பக்கத்துப் பணிக்கன்குப்பத்து மரத்திலிருந்து தேர்ந்தெடுத்துத்தான் பாலூர் 1 என்ற பலா ரகத்தையே வெளியிட்டார்கள். மாளிகம்பட்டில் ஆயிரங்காய்ச்சி என்று பெயர் சூட்டி ஊரே கொண்டாடும் கிழப் பலா ஒன்று நிற்கிறது. அதற்கு எந்தக் கல்விக்குழுவும் அங்கீகாரம் கொடுக்கவில்லை, அது பாட்டுக்குக் காய்க்கிறது. தெற்கே வந்தால் கொள்ளிடக்கரையில் வல்லம்படுகைப் பக்கம் பூவும் காய்கறியும். சிதம்பரம் கொத்சுவுக்கு இருக்கிற பெயரில் கத்தரிக்காய்க்காரனுக்கும் ஒரு பங்கு உண்டு, அவனுக்கு யாரும் அதைக் கொடுத்ததில்லை. இத்தனைக்கும் நடுவில் அண்ணாமலை நகர். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அதற்குள் வேளாண் புலம், அதற்குள் தோட்டக்கலை.

இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பல்கலைக்கழகம் எதில் பெயர் வாங்கியது? ஊழியர் எண்ணிக்கையில். தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு எடுத்து, சம்பளம் போட முடியாமல் தள்ளாடி, 2013-ல் அரசே ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை நிர்வாகியாக நியமித்து, தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று. பிறகு உபரி என்று கண்டறியப்பட்டவர்களைத் தமிழ்நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். நாற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுவது தோட்டக்கலையில் முதல் பாடம். நாற்று வாடாமல் இருக்க வேரோடு மண் ஒட்டியிருக்க வேண்டும் என்பது இரண்டாம் பாடம். அரசு முதல் பாடத்தை மட்டும் படித்திருந்தது.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். தோட்டக்கலைக்கு ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஆனால் கலந்தாய்வு வரிசையில் ஒரு வருணாசிரமம் உண்டு. மெடிக்கல் கிடைக்கவில்லை, வெட்னரி கிடைக்கவில்லை, அக்ரியும் கைநழுவிப் போய்விட்டது, "சரி விடு, ஹார்ட்டி இருக்குல்ல" என்று அப்பா பெருமூச்சு விடுவார். சேர்ந்த அன்றைக்கே சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் விசாரணை தொடங்கிவிடும்.

"என்னம்மா படிக்கற?"

"ஹார்ட்டிகல்ச்சர், சித்தப்பா."

"அப்படின்னா?"

"தோட்டக்கலை."

"தோட்டத்துல வேலை செய்யறதுக்கா நாலு வருஷம்? நம்ம வீட்ல மூணு தலைமுறையா படிக்காமலேயே செய்யறோமே!"

"இல்ல சித்தப்பா. தோட்டத்துல வேலை செய்யாம இருக்கறதுக்குத்தான் படிக்கறேன்."

அந்தப் பெண் கிண்டலுக்குச் சொன்னதாகச் சித்தப்பா சிரித்திருப்பார். நான்கு ஆண்டுத் திட்டத்தை அவளைவிடச் சுருக்கமாக எந்தக் கையேடும் சொன்னதில்லை.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைத்த ஐந்தாவது டீன்கள் குழுவின் புண்ணியத்தில் வெறும் பி.எஸ்சி.யாக இருந்தது பி.எஸ்சி. (ஹானர்ஸ்) ஆனது. தொழிற்படிப்பு என்ற பட்டமும் கிடைத்தது. கௌரவம் கூடியது, அடைப்புக்குறிக்குள். பாடத்திட்டம் டெல்லியில் எழுதப்படுகிறது, இமாசலத்துக்கும் சிதம்பரத்துக்கும் ஒரே அச்சு. ஆகவே கத்திரி வெயிலில், மின்விசிறி அனல்காற்றைக் கிளறிக்கொண்டிருக்கும் வகுப்பில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஆப்பிள் மரம் பூக்க எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும் என்று நம் பிள்ளை நெட்டுருப் போடும். பேரி, பீச், பிளம் எல்லாம் தேர்வில் வரும். ஸ்ட்ராபெரிக்குத் தனியாகப் பத்து மதிப்பெண் கேட்டாலும் கேட்பார்கள். ஆப்பிளைப் பற்றி அறிவது தவறென்று நான் சொல்லவில்லை. தேர்வாணையம் கேட்கும், மேல்படிப்புக்கு வேண்டும். ஆனால் அந்த வகுப்பிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பண்ருட்டிப் பலாவில் எது வேர்ப்பலா, எது கொம்புப்பலா, காயைத் தட்டினால் எந்தச் சத்தம் வந்தால் அறுக்கலாம் என்று கேட்டால், புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தேடுகிற நிலையில் பிள்ளையை வைத்திருப்பதுதான் தவறு.

பிராக்டிகல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. முந்திரியில் மென்தண்டு ஒட்டு என்று ஒரு பயிற்சி. மாணவர் ஐந்து ஒட்டு கட்டுவார். அதில் இரண்டு பிடிக்கும், அல்லது பிடித்ததாக எழுதப்படும். ஐந்தையும் பற்றி ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் செய்முறை, இடப்பக்கம் பென்சில் படம், கீழே கையெழுத்து. படம் அழகாக இருந்தால் மதிப்பெண் கூடும். ஒட்டு பிடிக்காமல் செத்தாலும் படம் உயிரோடு இருக்கும்.

பண்ருட்டிப் பக்கம் எந்தத் தனியார் நாற்றுப் பண்ணைக்காவது போய்ப் பாருங்கள். கீற்றுக் கொட்டகை நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பையில் வளர்ந்த இரண்டு மாதச் செடியை மடியோரம் இழுத்து, தலையைச் சீவி, நடுத்தண்டைப் பிளேடால் நேராகப் பிளந்து, தாய்மரத்துக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பாகச் சீவி, பிளவில் செருகி, பாலிதீன் நாடாவை இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டு, மேலே குல்லாய் மாட்டி அடுத்த செடிக்குக் கை போய்விடும். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. மருமகள் கதை ஒரு பக்கம் ஓடும். கல்லூரியிலிருந்து பார்வையிட வந்த பிள்ளை ஒன்று குச்சியை நட்டநடுவில் வைத்துக் கட்டினால், பக்கத்து அக்கா தலையைத் தூக்காமலே சொல்வாள்: "பட்டையும் பட்டையும் ஒட்டணும் கண்ணு. குச்சி சின்னதா இருந்தா ஒரு ஓரமா தள்ளி வச்சுக் கட்டு. நடுவுல வச்சா ரெண்டு பக்கமும் போயிடும்." இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு பாடப்புத்தக அத்தியாயம் முழுசாக இருக்கிறது. அக்காவுக்கு நாள்கூலி. அத்தியாயம் எழுதியவருக்கு ஊதியக்குழு.

அந்த அக்கா பல்கலைக்கழகத்துக்குள் போய்ப் பாடம் நடத்த முடியுமா? முடியாது, அவளுக்கு நெட் தேர்ச்சி இல்லை.

பாடம் ஆங்கிலத்தில். நான்கு வருடம் கம்பளிப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் லத்தீன் பெயர் சொல்லப் பழகிய பிள்ளை, தோப்புக்காரரிடம் போய் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். 2021-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியிலும் வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டப்படிப்புகளைத் தொடங்குவதாக அறிவித்தார்கள். நல்லது. ஆனால் உழவனோடு பேசுவதற்கான படிப்பை உழவன் மொழியில் நடத்தலாம் என்ற ஞானம் 1971-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உதிக்க ஐம்பது ஆண்டு பிடித்திருக்கிறது. பலாக்கொட்டையைப் போட்டு முளைக்கவிட்டிருந்தால் அதற்குள் நாற்பது தடவையாவது காய்த்திருக்கும்.

இனி கிராமத் தங்கல். கடைசி ஆண்டில் பிள்ளைகளை ஒரு கிராமத்தில் விட்டு ஊரகத் தோட்டக்கலைப் பணி அனுபவம் பெற வைக்கிறார்கள். 2015 ஜூலையில் பாட்னாவில் பிரதமர் தொடங்கிவைத்த 'ஸ்டூடண்ட் ரெடி' திட்டத்தின் அங்கம் இது. பெயரிலேயே பிள்ளை தயார் என்று அறிவித்துவிட்டார்கள். வேலை தயாரா என்று யாரும் கேட்கவில்லை. திட்டத்தின் நோக்கம் தங்கமானது. நடப்பது என்ன என்று மாவட்டப் பதிப்பு நாளிதழின் நான்காம் பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு முறை பார்க்கலாம். தொப்பியும் டீசர்ட்டும் போட்ட எட்டுப் பெண்கள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய இரண்டு பெரியவர்கள், ஒருவர் கேமராவைப் பார்க்கிறார், ஒருவர் வாளியைப் பார்க்கிறார். "பஞ்சகவ்யா தயாரிப்பு குறித்து மாணவிகள் செயல்விளக்கம்." மாடு வளர்க்கும் மனிதனுக்கு மாட்டுச் சாணத்தை எப்படிக் கரைப்பது என்று மாடு வளர்க்காத பிள்ளை சொல்லிக்கொடுக்கிறது. அவரும் மரியாதைக்குத் தலையாட்டுகிறார். வீட்டுக்கு வந்த பெண்பிள்ளை, காபி கொடுத்து அனுப்ப வேண்டும் அல்லவா.

அதைவிட எனக்குப் பிடித்தது தெருவில் வரையும் வரைபடம். பங்கேற்பு முறைக் கிராம மதிப்பீடு என்று அதற்குப் பெயர். கோயில் முன்னால் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கலர் கோலமாவில் ஊர் முழுவதையும் தரையில் வரைவார்கள். வீடு மஞ்சள், வயல் பச்சை, கோயிலுக்குச் சிவப்பில் ஒரு கோபுரம், ஏரிக்கு நீலம். ஏரி எப்போதும் முழுசாக, கரை தளும்ப இருக்கும். உண்மை ஏரியில் பாதி வீட்டுமனை ஆகியிருக்கும், மீதி கருவேல முள். அதைச் சுட்டிக்காட்ட ஒரு கிழவி வாயெடுப்பாள், போட்டோ எடுக்க நேரமாகிவிட்டது என்று அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள். படம் எடுத்து முடித்ததும் ஆடு வந்து நீல ஏரியில் நடக்கும். அறிக்கை பைண்டிங் ஆகி அலமாரிக்குப் போகும். அலமாரிக்குள் இருக்கிற தமிழ்நாட்டில் ஒரு ஏரிகூட ஆக்கிரமிக்கப்பட்டதில்லை.

சிரித்தது போதும். 2024 நவம்பரில் நடந்ததைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்திய அரசின் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு. ஒவ்வொரு சர்வே எண்ணிலும் உட்பிரிவிலும் போய் நின்று, என்ன பயிர் என்று செல்போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் தங்களால் முடியாது என்று மறுத்தார்கள். சங்கம் இருந்தது, மறுக்க முடிந்தது. சங்கம் இல்லாதவர்கள் யார் என்று அரசு சுற்றுமுற்றும் பார்த்தது. வேளாண்மை, தோட்டக்கலை படிக்கும் பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். இன்டர்னல் மார்க் பேராசிரியர் கையில், பேராசிரியரின் குடுமி பல்கலைக்கழகத்தின் கையில், பல்கலைக்கழகத்தின் குடுமி கோட்டையில். ஏற்றினார்கள் பஸ்ஸில். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாதத்தில், முழங்கால் சேற்றில், வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாத அயலூர் வயலில், பெண்பிள்ளைகளைச் செல்போனோடு இறக்கிவிட்டார்கள். பாம்பு கடித்தது, விஷப்பூச்சி கடித்தது என்று செய்தி வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் வரிசையாக அறிக்கை விட்டார்கள். இது மாணவர்களுக்கு நல்ல கள அனுபவம் என்று அரசுப் பக்கம் நியாயம் பேசினார்கள்.

அனுபவம்தான். சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய அரசாங்க வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொடுப்பதற்குப் பண்ணையார் காலத்தில் ஒரு பெயர் இருந்தது. இப்போது அதற்கு கிரெடிட் கொடுக்கிறார்கள்.

அதே நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. சாத்தனூர் அணை திறக்க, தென்பெண்ணை பொங்கிக் கடலூரை மூழ்கடித்தது. எண்ணி ஏற்றிய பயிர் செயற்கைக்கோள் சாட்சியாகச் செல்போனுக்குள் பசேலென்று நின்றது, வயலில் தண்ணீருக்கடியில் அழுகியது. உடனே அரசு என்ன செய்தது? சேதத்தை எண்ண ஆள் அனுப்பியது.

எண்ணுகிற அரசுக்கு எண்ணத் தெரியாத இடங்களும் உண்டு. 2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், என்.எல்.சி.யின் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக் கால்வாயை மாற்றி வெட்ட, கதிர் பிடிக்கும் பருவத்து நெல்வயலுக்குள் பொக்லைன்களை இறக்கினார்கள். போலீஸ் காவலோடு பச்சைப் பயிரைப் புரட்டிப் போட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. உயர்நீதிமன்ற நீதிபதியே மனம் நொந்து பேசினார். கடைசியில் ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று பயிருக்கு விலை வந்தது. வளையமாதேவிக்கும் அண்ணாமலை நகருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மணி நேரப் பஸ் பயணம்கூட இல்லை. பயிர் எப்படி வளர்கிறது என்று பக்கம் பக்கமாகப் படித்த நூற்றுக்கணக்கான பேர் அந்த ஒரு மணி நேரத்துக்குள் இருந்தார்கள். பயிர்க் கணக்கெடுப்புக்குக் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அன்றைக்கு ஒரு பஸ்கூடக் கிடைக்கவில்லை போலும். அது பாடத்திட்டத்தில் இல்லை. வந்திருந்தால் உள்ளே வைத்திருப்பார்கள் என்பதும் உண்மை. அதனால் பிள்ளைகளை நான் குற்றம் சொல்லவில்லை. நெய்வேலியைச் சுற்றி மண்ணின் மேல்தோல் போய்க்கொண்டிருக்கிறது. மேல்மண் ஓர் அங்குலம் உருவாக எத்தனை நூற்றாண்டு என்று மண்ணியல் தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி மட்டும் வருடா வருடம் தவறாமல் வருகிறது.

முந்திரிக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பலாத்தோப்பும் முந்திரிக்காடும் தலைகுப்புற விழுந்தன. பாட்டன் வைத்த மரம், பேரன் காலத்தில் ஒரு காலைப்பொழுதில் போனது. மகளுக்குக் கல்யாணம் என்றால் தோப்பைக் காட்டிக் கடன் வாங்குவது அந்த ஊர் வழக்கம். அன்றைக்கு வங்கியும் கல்யாணமும் சேர்ந்து சாய்ந்தன. எண்ணினார்கள், நிவாரணம் கொடுத்தார்கள். அதன்பிறகு சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற வழியெல்லாம் சாலையை நான்குவழி ஆக்க மிச்ச மரங்களில் பலவற்றை எண்ணிச் சிவப்பு வண்ணத்தில் நம்பர் போட்டு வெட்டினார்கள்.

2021 ஆகஸ்ட் 14-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையைப் படித்த அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் குறிஞ்சிப்பாடித் தொகுதிக்காரர். முந்திரிக்காட்டுக்கு நடுவில் ஓட்டு வாங்கியவர். பலாவுக்குச் சிறப்பு மையம் அறிவித்தார்கள். 2025-ல் முந்திரி வாரியத்துக்கு 10 கோடி அறிவித்தார்கள். அதே ஆண்டில் பண்ருட்டிப் பலாவுக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி, பட்டாசு, லட்டு. ஆனால் பண்ருட்டி ஆலைகளில் உடைபடுகிற கொட்டையில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் ஐவரி கோஸ்ட், பெனின், கானா என்று பூகோளப் பாடம் நடத்துவார்கள். மண் இங்கே, பெயர் இங்கே, குறியீடு இங்கே, கொட்டை ஆப்பிரிக்காவில். தொட்டிலுக்குப் பெயர் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கிடத்தியிருக்கிறோம். சுட்ட கொட்டையை உடைத்து உடைத்து எண்ணெய் பட்டுத் தோலுரிந்த கைகள் மட்டும் கடலூர் மாவட்டத்துப் பெண்களுடையவை. அதற்குப் புவிசார் குறியீடு கேட்டு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

தானே புயலில் சாய்ந்த தோப்புகளைத் திரும்ப எழுப்ப, நல்ல தாய்மரத்துக் குச்சி, ஒட்டுக்கட்டத் தெரிந்த கை, முதல் மூன்று வருடம் தோப்புக்காரரோடு நின்று கவாத்தும் தண்ணீரும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள், அதுவரை ஊடுபயிரில் வயிற்றுப்பாட்டுக்கு வழி, இவை வேண்டும். இந்த வேலைக்கு உலகத்தில் ஒரு பட்டப்படிப்பு இருக்குமென்றால் அதன் பெயர் தோட்டக்கலை. அந்தப் பட்டம் வாங்கியவர்கள் எங்கே?

ஒருவன் வங்கியில் வேளாண் கள அலுவலர். கள அலுவலர் என்றால் களத்துக்குப் போவாரென்று நினைத்துவிடாதீர்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடங்கல் நகலைப் பார்த்து, நகையை உரசிப் பார்க்கும் மதிப்பீட்டாளரின் சீட்டைப் பார்த்து, விவசாய நகைக்கடனில் கையெழுத்துப் போடுகிறார். பெரும்பாலும் அவர் ஒரு நாளில் பார்க்கும் இலை தாலிக்குண்டில் அடித்த இலைதான். இன்னொருவன் பூச்சிமருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. நான்கு வருடம் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை படித்துவிட்டு மாத இலக்குக்கு லிட்டர் கணக்கில் மருந்து தள்ளுகிறான். மூன்றாமவள் சென்னையில் பயிற்சி மையத்தில். தோட்டக்கலை அலுவலர் தேர்வுக்கு அறிவிப்பு வரும் வரும் என்று காத்திருந்து, பொதுஅறிவு படித்து, கடைசியில் குரூப் தேர்வு எழுதி வருவாய்த்துறைக்குப் போய், விழுந்த மரத்தை எண்ணுகிறாள். அலுவலர் தேர்விலேயே ஜெயித்து வந்தவரைக் கேளுங்கள். காலையில் மானியப் பயனாளி பட்டியல், மதியம் சிட்டா அடங்கல் சரிபார்த்தல், மாலையில் கொடுத்த கன்றுகளை ஜியோ டேக் செய்தல். கன்று உயிரோடு இருக்கிறதா என்று மறுவருடம் போய்ப் பார்க்க அவருக்கு இலக்கு நிர்ணயிக்கவில்லை. கொடுத்த கணக்குக்கு மட்டும்தான் இலக்கு.

பட்டத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு உறுப்பும் இணைப்புமாக நாற்பதுக்கு மேல் கல்லூரிகள். இங்கே அண்ணாமலை தனி. 2024 ஜூனில் சிதம்பரத்தை அடுத்த கோவிலாம்பூண்டியில் சாலையோரம் போலிச் சான்றிதழ்கள் குவியலாகக் கிடந்து, போலீஸ் வந்து, கைதும் நடந்தது. தண்ணீர் இல்லாமல், எரு இல்லாமல், மேற்பார்வை இல்லாமல் இந்த மாவட்டத்தில் செழித்த பயிர் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. நிஜச் சான்றிதழை வைத்திருக்கும் பிள்ளைக்கும் போலியை வாங்கியவனுக்கும் நடுவே முந்திரித்தோப்பில் என்ன வித்தியாசம் தெரியும் என்று யோசித்தால் தூக்கம் போகிறது. வித்தியாசம் தெரியாதபடி வைத்திருப்பது பிள்ளையின் குற்றமில்லை.

நல்லாசிரியர்கள் இல்லையா? இருக்கிறார்கள். சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத காலத்திலும் சொந்தக் காசில் விதை வாங்கி நாற்றுப் போட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் தோப்புக்கு அழைத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களால்தான் அந்தக் கட்டடம் இன்னும் கல்லூரியாக இருக்கிறது. பக்கத்திலேயே மருத்துவத்துக்கு நடந்ததைப் பாருங்கள்: ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் அரசுக் கட்டணம் கேட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடியபோது, 2021 ஜனவரியில் அரசு இறங்கிவந்து அந்தக் கல்லூரியையே சுகாதாரத் துறைக்கு மாற்றியது. டாக்டர் இல்லை என்றால் ஊர் கத்தும். முந்திரி கத்தாது, அதற்குத் தொகுதியும் கிடையாது.

இப்போது என் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், எண்ணுவது உங்களுக்குப் பிடிக்கும் என்பதால். முந்திரி ஒட்டுக்கன்று நட்ட மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். தோட்டக்கலைப் படிப்பு நான்கு ஆண்டு. இவ்வளவு பொருத்தமாக எந்தப் படிப்புக்கும் ஒரு மரம் அமைந்ததில்லை. முதல் செமஸ்டரில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், தானே புயல் சாய்த்துவிட்டுப் போன தோப்புகளில் இன்னும் பொட்டலாகக் கிடக்கும் நிலத்தில், அந்த நிலத்துக்காரரோடு கூட்டாக ஒரு ஏக்கரைக் கொடுங்கள். அந்த நாற்றுப் பண்ணை அக்காவை வருகைப் பேராசிரியராக நியமியுங்கள், பேராசிரியர் சம்பளத்தில். பிள்ளை தன் கையால் ஒட்டுக் கட்டட்டும், நடட்டும், கோடையில் குடம் சுமக்கட்டும், ஊடே மணிலாவோ உளுந்தோ போட்டு நிலத்துக்காரர் வீட்டுக்கு வருமானம் காட்டட்டும். தேயிலைக்கொசு வந்தால் எதை அடிப்பது, எதை அடிக்கக்கூடாது என்று அங்கே நின்று முடிவெடுக்கட்டும். நான்காம் ஆண்டு முடிவில் வைவா தோப்பிலேயே நடக்கட்டும். தேர்வாளர்களில் ஒருவர் அந்த விவசாயி. கன்று செத்திருந்தால் பிள்ளைக்கு அரியர். பேராசிரியருக்கும் அரியர். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஏற்பாடு செய்யாத துறைச் செயலாளருக்கும், அறிவித்துவிட்டு மறந்த அமைச்சருக்கும் அதே அரியர், அதே கட்டணத்தோடு.

இதற்குப் புதிய மையம் வேண்டாம், வாரியம் வேண்டாம், அடிக்கல் வேண்டாம். நிலம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், குச்சி கொடுக்க மரம் இன்னும் மிச்சமிருக்கிறது. ஒரு ஏக்கரைக் கொடுக்க மனம் வராதென்றால், பட்டத்தின் மேல் தோட்டக்கலை என்று அச்சடிப்பதையாவது நிறுத்துங்கள். தோடும் வளையலும் அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிற அப்பன் ஆத்தாளிடம், உங்கள் பெண் நான்கு வருடம் எண்ணப் படிக்கப்போகிறாள் என்று சேர்க்கை நாளிலேயே நேராகச் சொல்லிவிடுங்கள்.